பூசணி இல்லாத பூசணிப் பாணி

போன வருஷம் ஒக்டோபரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். ஒன்றரை நிமிஷம்தான் இருக்கும். டொரொண்டோவில் இருக்கும் அக்கா அன்றைக்குக் காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏதோ ஒரு கோப்பிக் கடை, கண்ணாடிக்கு வெளியே சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள், அவள் கையிலும் மகள் கையிலும் பெரிய பெரிய காகிதக் கோப்பைகள். கீழே 'பம்கின் ஸ்பைஸ் சீசன் வந்தாச்சு' என்று எழுதி இரண்டு பூசணிக்காய்ப் பொம்மைகளும் போட்டிருந்தாள். கறுவா, கராம்பு, சாதிக்காய் மணக்க அங்கே இலையுதிர்காலத்துக்கென்று விற்கிற கோப்பி அது. இங்கே பண்டாரவளையில் மூன்று நாளாக விடாத மழை. உடுப்பு காயவில்லை, மறுநாள் கொடுக்க வேண்டிய கேக்குக்கு ஐசிங் இறுகவில்லை, கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. அந்த எரிச்சலில் பேசிவிட்டேன். கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் நம்ம மண்ணில் விளைகிறது, அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பி, அங்கே சீனிப் பாணியாக்கிப் போத்தலில் அடைத்து, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் குடித்துவிட்டு அதற்கு சீசன் என்று பெயர் வேறு, நாங்கள் இங்கே வாசலில் சும்மா பறித்துப் போடுகிறோம் என்கிற மாதிரி. சித்தி இரண்டு சிரிப்பு முகம் போட்டார். அக்கா ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கட்டைவிரல்தான் இவ்வளவு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

வாசலில் பறிப்பதாகச் சொன்னது முழுப் பொய் இல்லை. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுப் பின்வளவில் ஒரு கறுவா மரம் நிற்கிறது. வீட்டுக்காரர் எப்போதோ நட்டது. யாரும் பட்டை உரிப்பதில்லை, கோழி மட்டும் அதன் கீழே படுத்துக் கிடக்கும். துளிர் விடும்போது இலையெல்லாம் செக்கச்செவேலென்று இருக்கும், பிறகு மெல்ல மெல்ல வெளிறிப் பச்சைக்கு வரும். தெற்கே கறுவாத் தோட்டங்களில் இந்தச் சிவப்பு மாறும்வரை பொறுத்திருந்துதான் கிளை வெட்டுவார்கள், அப்போதுதான் பட்டை கட்டையை விட்டு லேசாகக் கழன்று வரும் என்று கேள்வி. அக்காவின் படத்தில் இருந்தது உதிரப் போகிற இலையின் சிவப்பு. எங்கள் பின்வளவில் இருப்பது பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் சிவப்பு. தேயிலை மலையில் இலையுதிர்காலம் ஏது? ஒக்டோபர் என்றால் மத்தியானத்துக்கு மேல் இடி, மழை, அட்டை, குசினிச் சுவரில் பூஞ்சணம். அவ்வளவுதான்.

அதே கிழமை, எல்லவில் ஒரு சின்ன விடுதி நடத்தும் தம்பி அழைத்தார். அவருக்குக் கிழமைக்கு இரண்டு தரம் பட்டர் கேக்கும் வாழைப்பழ கேக்கும் நான்தான் கொடுக்கிறேன். "அக்கே, இப்ப வார கெஸ்ட்மார் எல்லாம் அந்த பம்கின் ஸ்பைஸ் கேக்குறாங்க. வெளிநாட்டுப் போத்தல் வாங்கிக் கட்டாது. நீங்க பாணியா காய்ச்சித் தர ஏலுமா? கோப்பிக்கும் ஊத்தணும், பான்கேக்குக்கும் ஊத்தணும்" என்றார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? குரல் பதிவில் பேசியதைச் செய்தே காட்டிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு வீராப்பு. சரி என்றேன். பாணி காய்ச்சுவது என்ன பெரிய வித்தை, சீனியும் தண்ணீரும்தானே.

96 பாகைக்காரி

முதல் தரம் தூள்களைப் போட்டேன். வெளிநாட்டுச் செய்முறைகளில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கிறது: கறுவாத் தூள் இவ்வளவு, இஞ்சித் தூள் இவ்வளவு, எல்லாவற்றையும் சீனியோடு சேர்த்துக் கொதிக்க விடு. கொதிக்கும்போது வீடெல்லாம் மணம். அம்மா முன்னறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். ஆறின பிறகு கரண்டியைத் தூக்கினால் பாணி வெண்டைக்காய் நறுக்கின கத்தி மாதிரி இழுபடுகிறது. கறுவாத் தூளுக்கு அப்படி ஒரு குணம் உண்டு, வெந்நீரில் ஊறினால் வழவழவென்று கூழாகும். மெல்லிய துணியில் வடிகட்டப் பார்த்தேன், துணி அடைத்துக்கொண்டது. கோப்பியில் ஊற்றினால் அடியில் சேறு. ஆற்றுத் தண்ணீரைக் கோப்பையில் மொண்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் தரம் முழுக் கறுவா, முழுக் கராம்பு. இந்த முறை ஒரு காணொளியில் 105 பாகை வந்ததும் இறக்கச் சொன்னார்கள், அப்படிச் செய்தால் பாணி பல நாள் நிற்குமாம். ஐசிங் வேலைக்கென்று வாங்கி வைத்த தெர்மோமீட்டர் இருந்தது. கண்கொத்திப் பாம்பாக நின்று 105 வந்ததும் இறக்கினேன். காலையில் பார்த்தால் போத்தல் அடியில் கற்கண்டு. பாதி போத்தல் கல், பாதி போத்தல் பசை. சாய்த்தால் வரவில்லை, குலுக்கினால் வரவில்லை, வெந்நீரில் நிற்க வைத்துத்தான் காலி பண்ண வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நான் 12 வருஷமாகக் கேக் போடுகிறவள். உட்கார்ந்து யோசித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. காணொளிக்காரர் கடல்மட்டத்து ஆள். அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும் என்பதால் இங்கே 96இலேயே தளதளவென்று கொதித்துவிடும். நுவரெலியாவில் இன்னும் கீழே, 94. அவருக்கு 105 என்றால் கொதிநிலைக்கு மேலே ஐந்து பாகை, எனக்கு ஒன்பது. அந்த நாலு பாகை வித்தியாசத்தில் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும்! மலையில் பருப்பு வேக நேரமெடுக்கும் என்று தெரிந்த எனக்கு, பாணிக்கும் அதே கணக்குத்தான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. அம்மா வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெரலால தொட்டுப் பாக்க வேண்டியதுதானே, குச்சிய வுட்டுப் பாத்தா எப்படித் தெரியும்" என்றார். பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துளியை வைத்து இழுத்துக் கம்பிப்பதம் பார்ப்பார்கள். விரலுக்கு எந்த ஊரிலும் ஒரே கணக்குத்தான். கோப்பிப் பாணிக்குக் கம்பியே வரக்கூடாது, தொட்டால் பிசுக்கென்று ஒட்டினால் போதும்.

மூன்றாம் தரம் சீனியை விட்டுவிட்டுக் கித்துள் பாணியில், அதாவது கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற பாணியில் இறங்கினேன். அது வேறொரு சறுக்கல். ஞாயிற்றுச் சந்தையில் ஒரு அம்மாவிடம் வாங்கினால்தான் நம்பிக்கை, கடைப் போத்தலில் சீனிக் கலப்பு இல்லாமல் கிடைப்பது அபூர்வம். அவர் கொடுத்தது அசல்தான், புகை மணமும் லேசான புளிப்பும் இருந்தது. ஆனால் கித்துள் பாணி யாருக்கும் பின்னால் நிற்காது. கறுவா, கராம்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தான் முன்னுக்கு வந்து நின்றுவிட்டது. தயிருக்கு ஊற்றிச் சாப்பிட்டோம், அமிர்தம். கோப்பிக்கு ஊற்றினால் கோப்பியையும் காணோம். கடைசியில் சிவப்புச் சீனியும் வெள்ளைச் சீனியும் பாதிக்குப் பாதி, கித்துள் இரண்டு மேசைக்கரண்டி என்று நின்றேன்.

சண்டைக்கு ஆதாரம் தேடப் போய்

இதற்கிடையில் அக்காவுக்குப் பதில் சொல்ல ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லைதான், ஆனால் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தேடப் போனால் எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. பூசணி பை என்கிற பலகாரத்துக்கென்று கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு எல்லாம் அரைத்த தூளை மக்கோர்மிக் கம்பனி 1934இலேயே டப்பாவில் விற்றிருக்கிறது. ஸ்டார்பக்ஸ் அந்த வாசத்தைக் கோப்பிக்குக் கொண்டுவந்தது 2003இல். அதில் பூசணிக்காயே கிடையாது, பலகாரத்து மசாலா மட்டும்தான். 2015இல்தான் கொஞ்சம் பூசணி விழுதைச் சேர்த்தார்கள். பார்த்தாயா, பூசணி என்பது பெயருக்குத்தான், சரக்கு முழுக்க நம்முடையது என்று மனதுக்குள் ஒரு சபாஷ். 'சிலோன் கறுவா' என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு கொடுத்ததையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் சிக்கல். வட அமெரிக்காவில் கறுவா என்று விற்பதில் பெரும்பங்கு நம் கறுவாவே இல்லை, காசியா. இந்தோனேசியா, வியட்நாம், சீனா பக்கத்துப் பட்டை. தடிப்பாக, ஒரே சுருளாக, மரப்பலகை மாதிரி இருக்கும், காரமும் சுள்ளென்று ஏறும். நம்முடையது சிகரெட் தாள் மாதிரி மெல்லிய படை படையாக ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும், விரலில் நசுக்கினால் நொறுங்கும், வாசம் இனிப்பாக மெதுவாக வரும். நம் கறுவாவைக் கூடுதலாக வாங்கும் நாடு மெக்சிகோ. அப்படியானால் அக்கா குடித்த கோப்பையில் இலங்கைக் கறுவா ஒரு துரும்புகூட இருந்திருக்காது. இன்னொன்று, எங்கள் பதுளை மாவட்டமா கறுவாவுக்குப் பெயர் போனது? காலி, மாத்தறை, களுத்துறை. கடலோரத்துச் சரக்கு. நான் 'நம்ம மண்' என்று சொன்னது எந்த மண்ணை?

இந்தக் காசியா விஷயம் பாணிக்கு உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். செய்முறையில் சொன்ன அளவுக்குப் போட்டால் என் பாணி ஏன் சோகையாக இருக்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அந்த அளவு காசியாவுக்கு. நம் கறுவாவுக்கு இரண்டு மடங்கு வேண்டும், கொதிக்க விட்டதோடு நிற்காமல் அடுப்பை அணைத்து மூடி ஒரு மணித்தியாலமாவது ஊற விடவும் வேண்டும். கராம்பு நேர் எதிர். எட்டுப் போட்டேன், பல் வைத்தியரிடம் போய் வந்த வாய் மாதிரி மரத்துவிட்டது. அரை லீற்றருக்கு நாலு போதும்.

தொலைபேசி

நாலாவது தரம் பாணி காய்ச்சிய நாள் அது. சனிக்கிழமை இரவு, மழை விட்டிருந்தது. பாணி ஊறிக்கொண்டிருந்தது. அக்கா வீடியோவில் வந்தாள். குரல் பதிவு பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் அம்மாவின் முழங்கால், மகளின் பள்ளிக்கூடம் என்று போய்க்கொண்டிருந்தது. நானாகத்தான் சட்டியைக் காட்டினேன். "பாரு, உன் சீசனத்தான் இங்க காய்ச்சிக்கிட்டு இருக்கேன்" என்றேன். என்னென்ன போட்டாய் என்று கேட்டாள். சொன்னேன். நம்ம ஊர் கறுவா, நம்ம ஊர் சாதிக்காய் என்று மறுபடியும் என் பாட்டைத் தொடங்கினேன்.

"ஏய், நிறுத்துடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான். "பெரிய வளவுக்காரி மாதிரி பேசுற. நம்ம காம்பராவுல எப்படி கறுவாவும் கராம்பும் இருந்திச்சு? தீபாவளி அட்வான்ஸ் வந்தா அப்பா டவுனுக்குப் போயி ஒரு பொட்டலம் வாங்கியாருவாரு. ஆட்டெறச்சிக்கு. அந்த ஒரு நாளு. அதுக்கப்புறம் அடுத்த தீபாவளிக்குத்தான். மத்த நாளெல்லாம் என்னா தின்னோம்? பூசணிக்காயி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். அங்கே போன முதல் வருஷம், வேலை தேடி அலைந்துகொண்டிருந்த ஒரு நாள், குளிருக்கு ஒதுங்க ஒரு கோப்பிக் கடைக்குள் நுழைந்தாளாம். கதவைத் திறந்ததும் அந்த வாசம் மூஞ்சியில் அடித்ததாம். "எனக்கு ஒடனே என்னா ஞாபகம் வந்திச்சு தெரியுமா? அட்வான்ஸ் காசு. அப்பா அந்தப் பொட்டலத்த இஸ்தோப்புல ஒக்காந்து பிரிப்பாரே, நாம ரெண்டு பேரும் மோந்து பாப்பமே. அந்த வாசம்டி. ஒக்டோபர் மாசம் அந்த வாசம் வந்தா எனக்கு தீபாவளி. அதுக்குத்தான் வருசா வருசம் ஒண்ணு வாங்கிக் குடிக்கிறேன். நீ என்னமோ கப்பல்னு பேசுற."

எனக்கு அந்தப் பொட்டலம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவள் சொன்ன பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், மேட்டு லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு, அதில் ஐந்தாவது காம்பரா, எங்கள் ஒற்றை அறை. தீபாவளிக்கு முன்னால் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காசில் எங்களுக்குச் சட்டைத் துணி, அம்மாவுக்குச் சேலை, ஒரு கிலோ ஆட்டிறைச்சி, பத்திரிகைத் தாளில் மடித்த மசாலாச் சாமான். பொட்டலத்தைப் பிரித்ததும் அப்பா கராம்பை எண்ணுவார். உண்மையாகவே எண்ணுவார். கறுவா ஒரு விரல் நீளம் இருக்கும். அதில் ஒரு துண்டை உடைத்து எங்கள் இரண்டு பேருக்கும் கொடுப்பார், வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரைக்கும் ஓடுவோம், மற்றப் பிள்ளைகளுக்கு மூச்சை ஊதிக் காட்ட. சாதிக்காய் வேறு கணக்கு. அது பலகாரச் சாமானே இல்லை, மருந்து. ஒரே ஒரு காய், அதுவும் பாதி தேய்ந்தது, அம்மாயியின் தகரப் பெட்டிக்குள் இருக்கும். கைப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று யார் வந்தாலும் உரைகல்லில் இரண்டு இழுப்பு இழுத்து நாக்கில் தடவுவார். நாலு லயத்துக்கும் அந்த ஒரு காய்தான்.

வீட்டைச் சுற்றி மரம் வளர்ப்பதற்கு முதலில் சுற்றிலும் நிலம் வேண்டும். கராம்பும் சாதிக்காயும் மிளகும் நின்றது கீழே கிராமத்து வளவுகளில். பஸ்ஸில் மாத்தளைப் பக்கம் போனால் பாதையோரம் வரிசையாக வாசனைத் தோட்டங்கள் தெரியும், பலகை மாட்டி வெளிநாட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து காடு வழியாக நடந்து வந்து சேர்ந்தது அந்த மாத்தளைக்குத்தான். அப்படி வந்து 200 வருஷமானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நடைபயணம் போனார்களே, அதே பாதை. அந்த முதல் ஆட்கள் வந்தது தேயிலைக்கும் இல்லை, கோப்பிக்கு. அந்தக் கோப்பியை இலைத்துரு நோய் தின்றுவிட்டது. 1869இல் முதன்முதலில் அதைக் கண்டது எங்கள் பக்கத்து மடுல்சீமையில். அடுத்த 20 வருஷத்துக்குள் மலை முழுக்கத் தேயிலை.

ஆனால் கோப்பி முழுசாகப் போகவில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால், கானுக்கும் கக்கூசுக்கும் இடையில், நாலைந்து கோப்பிச் செடி தானாக நின்றது. யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழம் சிவந்ததும் பறித்து, படங்கில் காயப் போட்டு, இடித்துத் தோல் நீக்கி, ஓட்டில் கருக வறுத்து, சுக்கும் கொத்தமல்லியும் சேர்த்து உரலில் இடிப்பார் அம்மாயி. சாவு வீட்டுக்கும் காய்ச்சலுக்கும் அந்தக் கோப்பி. பூசணிக்கொடியும் அங்கேதான். மாட்டுச்சாணக் குழியில் யாரோ போட்ட விதை முளைத்து, கூரைத் தகரத்தில் ஏறிக் காய்த்துவிடும். காய் கனத்தில் தகரம் வளையும் என்று அம்மா திட்டுவார். அதன் இலைச் சுண்டல், பூச் சுண்டல், காய்க் கறி, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள மறுபடியும் காய்க் கறி. மழைநாளில் ஒரு துண்டைத் தோலோடு அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தால் இரவில் தோண்டி எடுத்து ஊதி ஊதித் தின்னலாம். ஓரம் கருகி, நடு மாவாகி, சீனியே வேண்டாம்.

ஆக, அக்கா சொன்னபடி பார்த்தால் அந்தக் கோப்பையில் எங்களுடையது என்று சொல்ல இருந்தது இரண்டு. கோப்பியும் பூசணியும். மசாலா எங்களுக்கும் வெளியூர்ச் சரக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தரம், கடன் காசில், பொட்டலத்தில் வந்தது. சீசன் என்று அவர்கள் பெயர் வைத்ததைக் கிண்டல் செய்தேனே, எங்கள் காம்பராவிலும் அது சீசன் வாசமாகத்தான் இருந்திருக்கிறது. என்ன, எங்களுடைய சீசனைத் தோட்டத்து ஒப்பீஸ் தீர்மானித்தது.

பூசணியை உள்ளே கொண்டுவந்தது

அடுத்த நாள் சந்தையில் ஒரு கீற்றுப் பூசணி வாங்கினேன். எல்லாச் செய்முறையிலும் டின்னில் அடைத்த விழுது என்றுதான் இருக்கும், அது இங்கே தேடினாலும் கிடைக்காது, தேவையும் இல்லை. அவித்தால் தண்ணீர் கோர்க்கும் என்பதால் எண்ணெய் ஒன்றும் தடவாமல் தோலோடு கேக் சுடுகிற அவனில் வைத்துச் சுட்டேன். அடுப்புச் சாம்பலுக்கு அது ஈடில்லை, இருந்தாலும் ஓரம் நன்றாகக் கருகியது. கரண்டியால் வழித்து மசித்து அரைக் கோப்பை எடுத்துக்கொண்டேன். சட்டியில் அரை லீற்றர் தண்ணீர், கறுவா சாண் நீளத்தில் நாலு சுருள் நொறுக்கியது, கராம்பு நாலு, பெருவிரல் அளவு உள்ளூர் இஞ்சி தட்டியது. அந்தக் கலவையில் ஓல்ஸ்பைஸ் என்று ஒன்று வரும், ஜமைக்காப் பக்கத்து மரத்தின் காய்ந்த காய். அதற்கு நான் எங்கே போவது, ஐந்தாறு மிளகைத் தட்டிப் போட்டேன், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொதித்ததும் மூடி அணைத்து ஒரு மணித்தியாலம். பிறகு வடிகட்டி, அரைக் கிலோ சீனி இரண்டு நிறத்திலும், ஒரு சிட்டிகை உப்பு, பூசணி மசியல் எல்லாம் சேர்த்து மெல்லிய தீயில் பத்து நிமிஷம். இறக்கின பிறகு கித்துள் பாணி இரண்டு கரண்டி. சாதிக்காயை ஆகக் கடைசியில்தான் உரச வேண்டும், அடுப்பில் கிடந்தால் வாசம் பறந்துவிடும். பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல், தானாகச் சொட்ட விட்டேன். பிழிந்தால் மண்டி இறங்கிவிடும். இஞ்சியைப் பற்றி ஒன்று: பச்சை இஞ்சிச் சாறு பாலைத் திரிய வைக்கும், கொதித்து விட்டால் அந்தச் சேட்டை அடங்கிவிடும். ஆகவே இஞ்சியை முதலிலேயே போட்டுக் கொதிக்க வைப்பது ருசிக்கு மட்டும் இல்லை.

கோப்பி திடமாக இருக்க வேண்டும். பால்மாக் கோப்பிக்குக் கூட நன்றாக இருந்தது, ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி பாணி. ஆனால் எனக்குப் பிடித்தது கோப்பியில் இல்லை. சூடான பட்டர் கேக்கில் குச்சியால் குத்திவிட்டு மேலே பாணியைத் தடவினால் மறுநாளைக்குத்தான் அதன் அருமை தெரியும். துணியில் மிஞ்சின பூசணிச் சக்கையை எறியாமல் பாணுக்குத் தடவினோம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது வட்டிலாப்பத்து மணமால்ல இருக்கு" என்றார். சரிதானே. கித்துள், சாதிக்காய், கராம்பு. பெயரில்லாமல் இங்கே எப்போதோ இருந்த கூட்டணி.

பூசணி உள்ளே போனதும் பாணிக்கு ஒரு உடம்பு வந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாக்கில் கொஞ்சம் நின்று போகிறது. மசாலா தனியாகக் குத்தாமல் ஏதோ ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. சீனியும் தண்ணீரும் மட்டும் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் நிற்கும். பூசணி சேர்ந்தால் பத்து நாளைக்கு மேல் நான் நம்பமாட்டேன். வைத்த மறுநாளே அடியில் மஞ்சளாக ஒரு அங்குலம் படியும், குலுக்கித்தான் ஊற்ற வேண்டும்.

எல்லவுக்கு மூன்று போத்தல் அனுப்பினேன். லேபிளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் குலுக்கவும் என்று எழுதி ஒட்டினேன். ஒரு கிழமை கழித்துத் தம்பி அழைத்தார். கெஸ்ட்மாருக்கு நன்றாகப் பிடித்திருக்கிறதாம். ஒரு ஜெர்மன் பெண் மட்டும், இது தான் ஊரில் குடிப்பது மாதிரி இல்லை, ஆனால் நன்றாக இருக்கிறது என்றாராம். காசியாவுக்குப் பழகின நாக்காக இருக்கும். அடுத்த முறை ஆறு போத்தல் வேண்டுமாம். "ஒரே ஒரு விசயம் அக்கே" என்று இழுத்தார். "அடியில மஞ்சளா படியுதுதானே, அதப் பார்த்து பழுதாப் போன பாணின்னு ரெண்டு பேர் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த வட்டக்காயப் போடாம காய்ச்ச ஏலாதா? பேர் அப்படியே இருக்கட்டும்."

வட்டக்காய் என்று அவர் சொன்னது பூசணியைத்தான். ஏலும் என்றேன். வேறு என்ன சொல்வது, ஆறு போத்தல். இப்போது இரண்டு சட்டியில் காய்ச்சுகிறேன். பெரிய சட்டி எல்லவுக்கு, தெளிவாக, தேன் நிறத்தில், போத்தலுக்குப் பின்னால் வைத்த பத்திரிகையை வாசிக்கலாம். சின்னச் சட்டியில் பூசணி போட்டது, வீட்டுக்கு. அக்கா போன கிழமை எடுத்தபோது, "அப்ப எல்லவுல வெள்ளக்காரங்க நம்ம பூசணிக்காயத்தான் குடிக்கிறாங்களா" என்று கேட்டுச் சிரித்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.